குறுக்கிய எலிமெண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் நாங்கள் நாலு பேர், வேலை முடிந்த மாலைகளில் சேர்ந்து ஒரு சிமுலேஷன் மென்பொருள் எழுதிவருகிறோம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் அந்தச் சரிவுகளில் மண் இறங்கிச் சாலை அடைபடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துவருகிறோம். மேல்மண்ணுக்குள் இறங்கும் நீர் அடியிலுள்ள பாறையைத் தொட்டதும் என்ன ஆகிறது என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் இது தொடங்கியது. இப்போது இங்குள்ள பொறியியல் கல்லூரி மாணவர்கள் சிலரும் சேர்ந்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் மென்பொருளின் மற்றப் பகுதிகளை ஒரு வாரத்தில் புரிந்துகொள்கிறார்கள்; எல்லோரும் நிற்கும் இடம் ஒன்றே, ரெஸ்ட்ரிக்டட் எலிமெண்ட். எங்களுக்குள் அதைக் குறுக்கிய எலிமெண்ட் என்கிறோம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

குறுக்கிய எலிமெண்ட் என்றால் என்ன?

கணக்கிட வேண்டிய இடத்தைச் சின்னச் சின்னச் செல்களாக வெட்டி, ஒவ்வொரு செல்லிலும் விடையை எளிய கோவையால் தோராயமாக எழுதுவது ஃபைனைட் எலிமெண்ட் முறை; செல்கள் எல்லாம் சேர்ந்தது வலை. அப்படி ஒரு ஃபைனைட் எலிமெண்ட்டைச் சொல்ல மூன்று விஷயங்கள் வேண்டும் என்பது பிரெஞ்சுக் கணிதவியலாளர் சியார்லே கொடுத்த இலக்கணம். ஒரு வடிவம் (முக்கோணம், நான்முகி மாதிரி), அதன் மேல் ஒரு பல்லுறுப்புக் கோவைத் தொகுதி, அந்தக் கோவைகளை அளந்து எண்ணாகச் சொல்லும் சில அளவைகள். இந்த அளவைகள் தரும் எண்களைத்தான் டிகிரி ஆஃப் ஃப்ரீடம், சுருக்கமாக டிஓஎஃப் என்கிறோம். ஒவ்வொரு டிஓஎஃப்புக்கும் துணையாக ஓர் அடிப்படைச் சார்பு உண்டு: தன் அளவையில் 1, மற்ற அளவைகளில் 0.

ஒவ்வொரு டிஓஎஃப்பும் வடிவத்தின் ஏதோ ஒரு பாகத்தில் உட்கார்ந்திருக்கும்: முனையில், விளிம்பில், முகத்தில், அல்லது உள்ளே. "விளிம்பில் இருப்பவை மட்டும் போதும்", "உள்ளே இருப்பவை மட்டும் போதும்" என்று சிலவற்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் கிடைப்பது குறுக்கிய எலிமெண்ட். வைத்துக்கொண்ட அடிப்படைச் சார்புகள் பழைய எலிமெண்ட்டில் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தை மறந்தால்தான் பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாம் வருகின்றன.

அந்தப் பழைய எலிமெண்ட்டைத் தாய் எலிமெண்ட் என்று இங்கே சொல்கிறேன்.

வலையின் ஒரு பகுதியில் மட்டும் ஒரு மாறியை வைப்பதையும் ரெஸ்ட்ரிக்ஷன் என்கிறார்களே?

ஆமாம், பெயர் ஒன்று, வேலை வேறு. முதல் வகை ஒரு செல்லுக்குள்ளேயே டிஓஎஃப்களைக் குறைப்பது. இரண்டாவது வகையில் எலிமெண்ட் முழுசாகவே இருக்கும், ஆனால் வலையின் சில செல்களில் மட்டும் இருக்கும். ஃபயர்டிரேக் மென்பொருளில் மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு: எல்லையில் மதிப்பு ஏற்கெனவே தெரிந்த டிஓஎஃப்களைச் சமன்பாட்டுத் தொகுதியிலிருந்தே எடுத்துவிடுவது. ஒருவர் ரெஸ்ட்ரிக்ஷன் என்று பேச ஆரம்பித்தால் எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் அரை மணி நேரம் இருவர் வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தது உண்டு.

முழு எலிமெண்ட் இருக்கும்போது ஏன் குறுக்க வேண்டும்?

முதல் காரணம் கணக்கின் அளவு. உள்ளே இருக்கும் டிஓஎஃப்கள் பக்கத்துச் செல்லோடு பேசுவதில்லை. எனவே ஒவ்வொரு செல்லிலும் தனியாக அவற்றைத் தீர்த்து வெளியேற்றிவிட்டு, எல்லையில் உள்ளவற்றை மட்டும் எல்லாச் செல்களும் சேர்ந்த பெரிய அணியில் வைக்கலாம். இதற்கு ஸ்டேட்டிக் கண்டன்சேஷன் என்று பெயர். கையனும் ஐயன்ஸும் 1965-ல் இதே வழியை எழுதினார்கள்.

எவ்வளவு மிச்சமாகும் என்று பாருங்கள். 10,000 முனைகள் உள்ள முக்கோண வலையில் விளிம்புகள் ஏறக்குறைய 30,000, முக்கோணங்கள் 20,000 இருக்கும். நான்காம் படி லாக்ராஞ்ச் எலிமெண்ட்டில் (குறித்த புள்ளிகளில் உள்ள மதிப்புகளே டிஓஎஃப்களாக இருக்கும் வகை) முனைக்கு 1, விளிம்புக்கு 3, உள்ளே 3 டிஓஎஃப். மொத்தம் 1,60,000. உள்ளே இருப்பவற்றை வெளியேற்றினால் 1,00,000. ஐந்தாம் படியில் 2,50,000 என்பது 1,30,000 ஆகும். மூன்றாம் படியில் 90,000 என்பது 70,000 ஆகும், அதாவது லாபம் சுமார்தான். இரண்டாம் படியில் உள்ளே டிஓஎஃப்பே கிடையாது, லாபமும் கிடையாது. வெளியேற்றியதால் பெரிய அணி அடர்த்தியாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஒரு செல்லின் எல்லை டிஓஎஃப்கள் ஒன்றோடொன்று முன்பே இணைந்திருந்தவைதான். புதிதாக இணைப்பு எதுவும் சேர்வதில்லை.

இரண்டாவது காரணம் குமிழிச் சார்பு. மூன்றாம் படி முக்கோணத்தில் 10 டிஓஎஃப்: முனைகளில் 3, விளிம்புகளில் 6, உள்ளே 1. அந்த ஒன்றை மட்டும் வைத்தால் கிடைப்பது 27 × அ × ஆ × இ என்ற சார்பு. இதில் அ, ஆ, இ என்பவை முக்கோணத்தின் மூன்று பேரிசென்ட்ரிக் ஆயங்கள்; ஒவ்வொன்றும் தன் முனையில் 1, எதிர் விளிம்பில் 0. நடுக்கோட்டு மையத்தில் 1, மூன்று விளிம்புகளிலும் 0. அர்னால்ட், பிரெட்சி, ஃபோர்டின் மூவரும் 1984-ல் திரவ ஓட்டக் கணக்குக்காகக் கொடுத்த மினி எலிமெண்ட்டுக்கு இதுவே தேவை: வேகத்துக்கு முதல் படியோடு இந்தக் குமிழி, அழுத்தத்துக்கு முதல் படி. குமிழிக்கென்று தனியாக நிரல் எழுதாமல், மூன்றாம் படி எலிமெண்ட்டை உள்ளே குறுக்கினால் வேலை முடிந்தது.

மூன்றாவது, வலையின் எலும்புக்கூட்டில், அதாவது செல்களின் எல்லைகளில், மட்டும் வாழும் மாறிகள். காக்பர்ன், கோபாலகிருஷ்ணன், லசாரோவ் மூவரும் 2009-ல் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்த எச்டிஜி (ஹைபிரிடைசபிள் டிஸ்கன்டின்யூவஸ் கலெர்கின்) முறைகளில் பெரிய அணியில் மிஞ்சுவது இப்படிப்பட்ட மாறி மட்டுமே. விளிம்புக்குக் குறுக்கிய லாக்ராஞ்ச் எலிமெண்ட் முனைகளில் தொடர்ச்சியானது என்பதால் எச்டிஜிக்கு நேரடியாகப் பொருந்தாது. அதன் தொடர்ச்சியான வடிவமான இடிஜி (எம்பெடட் டிஸ்கன்டின்யூவஸ் கலெர்கின்) முறைக்குப் பொருந்தும்.

இரண்டாம் படி எலிமெண்ட்டை முனைகளுக்குக் குறுக்கினால் முதல் படி எலிமெண்ட் வந்துவிடும்தானே?

வராது. நானே இதை நம்பி இரண்டு வாரம் இழந்திருக்கிறேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் படி எலிமெண்ட்டில் முனையின் அடிப்படைச் சார்பு வெறும் அ. இரண்டாம் படியில் அதே முனையின் சார்பு அ × (2அ − 1). பக்கத்து விளிம்புகளின் நடுவில் பூஜ்யமாக வேண்டும் என்பதற்காக அது வளைந்திருக்கிறது. விளிம்பு டிஓஎஃப்களை விட்டுவிட்டாலும் அந்த வளைவு போவதில்லை.

இப்போது எல்லா முனையிலும் மதிப்பு 1 என்று கொடுங்கள். செல் முழுக்க 1 வர வேண்டும் என்று நினைப்போம். விளிம்பின் நடுவில் 0 வருகிறது. நடுக்கோட்டு மையத்தில் ஒவ்வொரு முனைச் சார்பும் 1/3 × (2/3 − 1), அதாவது −1/9; மூன்றும் சேர்ந்து −1/3. எங்கும் 1 இருக்க வேண்டிய இடத்தில் நடுவில் எதிர்க்குறி. மாறிலியைக்கூடச் சொல்லத் தெரியாத எலிமெண்ட் இது. வலையை எத்தனை நுணுக்கினாலும் விடை சரியான விடையை நெருங்காது, ஏனென்றால் ஒவ்வொரு சின்ன முக்கோணத்திலும் அதே −1/3 உட்கார்ந்திருக்கிறது.

அந்த இரண்டு வாரமும் நான் வலையை நுணுக்கிக்கொண்டே இருந்தேன். பிழை குறையாமல் ஒரே இடத்தில் நின்றது. சமன்பாட்டில் தவறு, எல்லை நிபந்தனையில் தவறு என்று தேடினேன். கடைசியில் ஒரே ஒரு முக்கோணத்தை எடுத்து, எல்லா டிஓஎஃப்புக்கும் 1 கொடுத்து, மையத்தில் மதிப்பைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

விட்டுவிட்ட டிஓஎஃப்பின் மதிப்பு என்ன ஆயிற்று என்று எப்போதும் கேளுங்கள். குறுக்கல் அதைப் பூஜ்யம் என்று வைக்கிறது. அது அண்டை மதிப்புகளின் சராசரியாக மாறுவதில்லை, சமன்பாட்டிலிருந்து கிடைப்பதும் இல்லை. விளிம்பின் நடுவில் பூஜ்யம் என்று நாம் சொல்லிவிட்டு, அங்கே 1 எதிர்பார்த்தால் எப்படி?

அடுக்குமுறை அடிப்படை என்று இன்னொரு வகை உண்டு. அதில் முனைச் சார்பு எந்தப் படியிலும் வெறும் அ-தான். உயர்படிகள் அதன் மேல் திருத்தமாகச் சேரும். அங்கே முனைகளுக்குக் குறுக்கினால் முதல் படி எலிமெண்ட் சுத்தமாகக் கிடைக்கும், ஏனென்றால் திருத்தம் பூஜ்யம் என்பது நியாயமான கூற்று. ஆகவே குறுக்கலின் விளைவு தாய் எலிமெண்ட்டின் படியை மட்டும் பொறுத்தது இல்லை, அது எந்த அடிப்படையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பொறுத்தது.

9 முனை நாற்கரத்தில் நடுவை எடுத்தால் 8 முனை செரண்டிபிட்டி எலிமெண்ட் கிடைக்குமா?

கிடைக்காது, இதுவும் அதே கதை. இங்கே முனை என்பது டிஓஎஃப் இருக்கும் புள்ளி: மூலைகளில் 4, பக்க நடுவில் 4, மையத்தில் 1. −1 முதல் 1 வரை உள்ள சதுரத்தில் எல்லையில் உள்ள 8 சார்புகளையும் கூட்டினால் 1 − (1 − க²)(1 − ங²) வரும். க, ங என்பவை இரண்டு ஆயங்கள். மையத்தில் இது 0. செரண்டிபிட்டியில் 8 சார்புகளின் கூட்டல் எங்கும் 1. மையத்தில் மூலைச் சார்புகள் ஒவ்வொன்றும் −1/4, பக்க நடுச் சார்புகள் ஒவ்வொன்றும் 1/2; −1 + 2 = 1.

இரண்டுக்கும் உள்ள உறவு அழகானது. செரண்டிபிட்டியின் மூலைச் சார்பு என்பது 9 முனை எலிமெண்ட்டின் மூலைச் சார்போடு நடுச் சார்பின் −1/4 பங்கைச் சேர்த்தது. பக்க நடுச் சார்புக்கு 1/2 பங்கு. ஆகவே நடு மதிப்பைச் செரண்டிபிட்டி பூஜ்யமாக்கவில்லை, மற்ற எட்டின் கலவையாகக் கட்டிவைக்கிறது. ஸ்டேட்டிக் கண்டன்சேஷன் அதே நடு மதிப்பைச் சமன்பாட்டிலிருந்தே கண்டுபிடிக்கிறது. குறுக்கல் அதைப் பூஜ்யமாக விடுகிறது. மூன்றிலும் பெரிய அணியில் 8 டிஓஎஃப்தான் தெரியும், எண்ணிக்கையைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

அப்படியானால் ஸ்டேட்டிக் கண்டன்சேஷனில் குறுக்கல் எங்கே வருகிறது?

இரண்டு குறுக்கல்களைச் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். ஒன்று எல்லைக்கு, இன்னொன்று உள்ளுக்கு. தாய் எலிமெண்ட் அந்த இரண்டின் நேர் கூட்டல். செல் அணியை நாலு துண்டாகப் பிரித்து, எல்லை-எல்லைத் துண்டிலிருந்து, எல்லை-உள் துண்டு × உள்-உள் துண்டின் நேர்மாறு × உள்-எல்லைத் துண்டு என்பதைக் கழியுங்கள். பெரிய அணியைத் தீர்த்த பிறகு உள் மதிப்புகளைச் செல் செல்லாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நிலையான கணக்கில் இது தோராயம் கிடையாது, முழு விடையே வரும். அதிர்வுக் கணக்கில் கையன் முறை தோராயம்தான்.

உள்-உள் துண்டுக்கு நேர்மாறு இருக்க வேண்டும். வெப்பக் கடத்தல் மாதிரிக் கணக்குகளில் கவலை இல்லை. ஸ்டோக்ஸ் ஓட்டத்தில் (மெதுவான, பிசுபிசுப்பான திரவ ஓட்டம்) செல்லுக்குச் செல் தனியான அழுத்தம் வைத்திருந்தால் கவனம் வேண்டும்: நாலு பக்கமும் வேகம் கட்டப்பட்ட ஒரு செல்லுக்குள் அழுத்தம் ஒரு மாறிலி தவிர்த்தே தெரியும். அந்த மாறிலியைப் பெரிய அணியில் வைத்துவிட்டு மற்றதை வெளியேற்றுங்கள்.

நிரலில் எப்படி எழுதுவது?

தாய் எலிமெண்ட்டைப் பிரித்து எழுத வேண்டாம். அதை உள்ளே வைத்து மேலே ஓர் உறை போடுங்கள். உறைக்குச் சொந்தமானது ஒரே ஒரு பட்டியல்: தாயின் எந்தெந்த எண்களை வைத்துக்கொண்டோம் என்பது.

புள்ளிகளில் அடிப்படைச் சார்புகளின் மதிப்பும் வகைக்கெழுவும் கேட்டால், தாயிடம் கேட்டு, பட்டியலில் உள்ள வரிசைகளை மட்டும் திருப்பித் தருகிறோம். இடைச்செருகலுக்கான அளவைகளும் அப்படியே. செல்லிலிருந்து செல்லுக்கு மாற்றும் முறை, மதிப்பின் வடிவம், பல்லுறுப்புக் கோவையின் படி மூன்றும் தாயுடையவை, மாறாது. படியைக் குறைத்துச் சொல்லும் ஆசை வரும், வேண்டாம். உள்ளே குறுக்கிய மூன்றாம் படி எலிமெண்ட்டில் ஒரே டிஓஎஃப் என்றாலும் சார்பு மூன்றாம் படிதான். வகைக்கெழுக்களின் பெருக்கலுக்கு 4-ஆம் படி வரையும், சார்புகளின் பெருக்கலுக்கு 6-ஆம் படி வரையும் துல்லியமாகத் தொகையிடும் விதி வேண்டும்.

அடிப்படைச் சார்புகளைப் புதிதாகக் கணக்கிட முயலக் கூடாது. தாய் எலிமெண்ட்டில் 10 கோவைகள், 10 அளவைகள், 10-க்கு-10 அணி, அதற்கு நேர்மாறு உண்டு. எல்லைக்குக் குறுக்கிய பிறகு 9 அளவைகள் இருக்கின்றன, கோவைகள் 10. அணி சதுரமே இல்லை. நேர்மாறு எடுக்கும் வேலை தாயோடு முடிந்துவிட்டது.

அப்புறம் எந்த டிஓஎஃப் எந்தப் பாகத்தைச் சேர்ந்தது என்ற அட்டவணை. இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மூன்றாம் படி முக்கோணத்தில் முனைகள் 0, 1, 2. விளிம்புகள் 3 முதல் 8. உள்ளே 9 என்று வையுங்கள். உள்ளே குறுக்கினால் பட்டியலில் 9 மட்டும் இருக்கும். ஆனால் புது அட்டவணையில் அதன் எண் 0. பழைய 9-ஐ அப்படியே விட்டால் ஒரே வரிசை உள்ள பட்டியலில் பத்தாவது வரிசையைத் தேடி நிரல் விழும். விழுந்தால் நல்லது. எல்லைக்குக் குறுக்கும்போது 0 முதல் 8 வரை எண்கள் மாறாமலே சரியாகப் பொருந்துவதால் சோதனை தேறிவிடும், விளிம்புக்கு மட்டும் குறுக்கும் நாளில் பிழை வெளிவரும்.

வைத்துக்கொள்வதும் விடுவதும் முழுப் பாகமாகவே இருக்கட்டும். மூன்றாம் படியில் ஒரு விளிம்பில் இரண்டு டிஓஎஃப். பக்கத்துச் செல் அந்த விளிம்பை எதிர்த் திசையிலிருந்து பார்க்கும்போது அந்த இரண்டும் இடம் மாறும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்தால் ஒரு செல் வைத்திருப்பது இன்னொரு செல் விட்டதாகிவிடும்.

இன்னொன்றும் எங்களுக்கு நடந்தது. எலிமெண்ட்டின் பெயரை வைத்து, ஒருமுறை தயாரித்த செல் நிரலைச் சேமித்து மறுபடி எடுக்கிறோம். குறுக்கிய எலிமெண்ட்டுக்கும் தாய்க்கும் ஒரே பெயர் போய்விட்டது. எது முதலில் ஓடியதோ அதன் நிரல் இரண்டுக்கும் வந்தது. காலையில் சரியாக ஓடிய சோதனை மாலையில் தவறியது, வரிசை மாறியதால். பெயரிலேயே குறுக்கல் இருக்கட்டும்.

"முகத்துக்குக் குறுக்கு" என்றால் அந்த முகத்தின் விளிம்பும் முனையும் சேருமா?

மென்பொருளுக்கு மென்பொருள் மாறும், அதனால் எண்ணிப் பாருங்கள். மூன்றாம் படி நான்முகியில் 20 டிஓஎஃப்: முனைகளில் 4, விளிம்புகளில் 12, முகங்களில் 4, உள்ளே எதுவும் இல்லை. முகத்துக்குக் குறுக்கியபின் 20 என்று வந்தால் விளிம்பும் முனையும் சேர்ந்திருக்கின்றன. 4 என்று வந்தால் முகத்தின் உட்பகுதி மட்டும். எங்கள் நிரலில் இரண்டுக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிறோம்.

அணி பூச்சியக்கோவை அணி என்று சொல்லி நின்றுவிடுகிறதே?

அதாவது அணிக்கு நேர்மாறு இல்லை. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

உள்ளே குறுக்கிய சார்பை விளிம்பின் மேல் தொகையிட்டிருக்கிறீர்கள். விளிம்பில் அது பூஜ்யம், ஆகவே வரிசை முழுக்கப் பூஜ்யம்.

அல்லது குறுக்கிய எலிமெண்ட்டைத் தாயோடு கூட்டியிருக்கிறீர்கள். மூன்றாம் படியோடு மூன்றாம் படிக் குமிழியைச் சேர்த்தால் அந்தக் குமிழி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஒரே சார்பு இரண்டு முறை. முதல் படியோடு சேர்த்தால் சரி, இரண்டாம் படியோடு சேர்த்தாலும் சரி.

அல்லது வலையின் ஒரு பகுதியில் மட்டும் இருக்க வேண்டிய மாறிக்கு எல்லா முனைகளிலும் டிஓஎஃப் கொடுத்துவிட்டுத் தொகையிடலை மட்டும் அந்தப் பகுதியில் செய்திருக்கிறீர்கள். மற்ற வரிசைகள் காலி.

அணி பூச்சியக்கோவை ஆகவில்லை என்பதும் சில சமயம் எச்சரிக்கைதான். எல்லை நிபந்தனை எதுவும் கொடுக்காத வெப்பக் கடத்தல் அணியில் ஒவ்வொரு வரிசையின் கூட்டலும் 0 வர வேண்டும், மாறிலியின் வகைக்கெழு பூஜ்யம் என்பதால். முனைகளுக்குக் குறுக்கிய இரண்டாம் படியில் அது வராது, அணி ஒழுங்காகத் தீர்ந்தும் விடும், விடை தவறாக இருக்கும்.

விடையைப் படமாகப் போட்டால் எங்கும் பூஜ்யமாகத் தெரிகிறது. கணக்குத் தவறா?

கணக்குச் சரியாக இருக்கலாம். படம் போடும் மென்பொருள்கள் பல, முனைகளில் மட்டும் மதிப்பை எடுத்து நடுவில் நேர்கோடு போடும். குமிழி முனைகளில் பூஜ்யம். செல்லின் நடுவிலும் மதிப்பெடுத்துப் பாருங்கள்.

ஏற்காட்டுச் சரிவில் இதை எங்கே பயன்படுத்துகிறீர்கள்?

இங்கே வருவது இரண்டாவது வகை, வலையின் பகுதிக்குக் குறுக்குவது. சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட். மிகக் கடினமானது, பிளவுகளைத் தவிர நீர் புகாது. அதன் மேல் சிதைந்த பாறையும் மண்ணும் ஒரு போர்வையாகக் கிடக்கின்றன. மழைநீர் அந்தப் போர்வைக்குள் இறங்கி, பாறைத் தளத்தில் தடைபட்டு, அங்கே தேங்குகிறது. தேங்கிய நீரின் அழுத்தம் மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. சரிவு வழுக்குவது பெரும்பாலும் அந்த மண்-பாறைத் தொடர்பிலேயே. கணக்கில் எங்கேயாவது கவனமாக இருக்க வேண்டும் என்றால் அந்த ஒரு கோட்டில்தான்.

நகர்வு மண்ணுக்கும் பாறைக்கும் பொது, இரண்டாம் படி. நீரழுத்தம் மண்ணுக்கு மட்டும், முதல் படி. அதனால் நீரழுத்தத்தை மண் செல்களுக்குக் குறுக்குகிறோம். பாறைக்குள் அந்த மாறியே கிடையாது.

புதிதாக வந்த ஒருவர் இதைச் சுலபமாகச் செய்ய நினைத்தார். நீரழுத்தத்தை வலை முழுக்க வைத்துவிட்டு, பாறையைத் தொடும் எல்லா முனைகளிலும் 0 என்று கட்டிவிட்டார். நிரல் ஓடியது, படம் நன்றாக இருந்தது, சரிவு நல்ல பாதுகாப்பாக நின்றது. ஆனால் மண்-பாறைத் தொடர்பில் உள்ள முனைகளும் பாறையைத் தொடுபவைதானே. அங்கே அழுத்தம் 0 என்று கட்டினால் நீர் அந்தக் கோட்டில் தங்குதடையின்றி வடிந்துபோகிறது என்று பொருள். உண்மையில் வடியாமல் தேங்குகிறது என்பதுதான் ஆபத்தே. விட்ட டிஓஎஃப் பூஜ்யமாகிறது என்ற அதே விஷயம், இங்கே ஒரு சரிவைப் பத்திரமானதாகக் காட்டிவிட்டது. அன்று நாங்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

சரியான முறை இது. மண் செல்களை அடையாளமிடுங்கள். மண் செல் ஒன்றைத் தொடும் முனைகள் எல்லாவற்றுக்கும், தொடர்பில் உள்ளவை உட்பட, நீரழுத்த டிஓஎஃப் கொடுங்கள். பாறைக்குள் மட்டும் இருக்கும் முனைகளுக்கு எண்ணே கொடுக்காதீர்கள். நீரழுத்தம் வரும் எல்லாத் தொகையிடல்களையும், நகர்வோடு இணைக்கும் தொகையிடலையும் சேர்த்து, மண் செல்களில் மட்டும் செய்யுங்கள். அப்போது தொடர்புக் கோட்டில் நீர் கடக்காது என்ற நிபந்தனை தானாகவே அமையும், தனியாக எழுத வேண்டியதில்லை.

தொகையிடலைப் பாறைச் செல்களிலும் செய்துவிட்டால் என்ன ஆகும்? தொடர்பு முனையின் சார்புக்குப் பாறைப் பக்கமும் ஒரு வால் உண்டு. ஒரு செல் கனத்துக்குப் பாறைக்குள் பொய்யான ஓட்டம் நுழையும். பாறைப் பக்கச் செல்லை நுணுக்கியபோது உங்கள் விடை மாறினால் இதைச் சந்தேகியுங்கள்.

கையால் எழுதாமல் மற்ற மென்பொருள்களில் செய்ய முடியாதா?

முடியும். பழைய ஃபெனிக்ஸில், யூஎஃப்எல் மொழியில் எலிமெண்ட்டின் பெயருக்குப் பின் சதுர அடைப்பில் ஃபேசெட் என்றோ இன்டீரியர் என்றோ எழுதினால் முதல் வகைக் குறுக்கல். டீல்-டூவில் எஃப்இ நத்திங் என்று டிஓஎஃப் எதுவும் இல்லாத எலிமெண்ட் உண்டு. பாறைச் செல்களில் அதை வைத்தால் இரண்டாம் வகை. மூஸில் மாறிகளை பிளாக்குகளுக்குள் நிறுத்தலாம். என்ஜிசால்வில் சார்பு வெளியை உருவாக்கும்போதே எந்தப் பகுதி என்று சொல்லலாம். வேலை நடக்க வேண்டும் என்றால் இவற்றில் ஒன்றை எடுங்கள். நாங்கள் சொந்தமாக எழுதுவது உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளவும், மாணவர்கள் ஒவ்வொரு வரியையும் கேள்வி கேட்கவும்தான்.

திசையன் எலிமெண்ட்களையும் குறுக்கலாமா?

குறுக்கலாம். விளிம்பைக் கடக்கும் ஓட்டத்தை டிஓஎஃப்பாக வைக்கும் ராவியார்-தாமா எலிமெண்ட்டில் முக்கோணத்தின் கடைநிலையில் 3 டிஓஎஃப், எல்லாம் விளிம்பில். அடுத்த நிலையில் 8: விளிம்புகளில் 6, உள்ளே 2. உள்ளே குறுக்கினால் விளிம்பைக் கடக்கும் ஓட்டம் பூஜ்யமான இரண்டு சார்புகள் கிடைக்கும். விளிம்பு வழியே ஓடும் கூறு பூஜ்யமாக வேண்டியதில்லை, அதைப் பார்த்துப் பிழை என்று நினைக்க வேண்டாம்.

அதிர்வெண் கணக்கில் வேண்டாத விடைகள் வருகின்றனவே?

எல்லையில் கட்டப்பட்ட டிஓஎஃப்களுக்கு மூலைவிட்டத்தில் 1 வைக்கும் பழக்கம்தான் காரணம். விறைப்பு அணியிலும் நிறை அணியிலும் 1 வைத்தால் 1 என்ற ஐகன் மதிப்பு, கட்டிய டிஓஎஃப்கள் எத்தனையோ அத்தனை முறை வரும். முன்னால் சொன்ன மூன்றாம் பொருளில் குறுக்கி, அந்த வரிசைகளையே எடுத்துவிடுங்கள்.

எதிலிருந்து தொடங்கலாம்?

ஒரே ஒரு முக்கோணம். அதில் மூன்றாம் படி லாக்ராஞ்ச். உள்ளே குறுக்குங்கள், நடுக்கோட்டு மையத்தில் மதிப்பு 1 வருகிறதா, விளிம்பில் எடுத்த பத்துப் புள்ளிகளிலும் 0 வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் எல்லைக்குக் குறுக்கி, 9 டிஓஎஃப்புக்கும் 1 கொடுத்து மையத்தில் கேளுங்கள். 0 வரும், அது சரிதான், ஏன் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிறகு இரண்டு முக்கோணம், பொது விளிம்பின் திசையை மாற்றி மாற்றி. பிறகு 20 செல்லில் முழு எலிமெண்ட்டோடும் ஸ்டேட்டிக் கண்டன்சேஷனோடும் ஒரே கணக்கைத் தீர்த்து, இரண்டு விடைகளும் பன்னிரண்டு தசம இடம் வரை ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிடுங்கள். அது தேறிய பிறகு சரிவின் வலையைத் தருகிறோம்; மண் செல்களை அடையாளமிடுவது உங்கள் முதல் வேலை.